வாளுக்குப் போட்ட புளி

மொன்றியல், கனடா
14.10.2007

அன்புள்ள ஜசிந்தாவுக்கு,

நீர் கொடுத்தனுப்பிய புளியை நான் குழம்புக்குப் போடவில்லை, ஒரு வாளுக்குப் போட்டேன். சிரியாதையும். நான் சுகம், நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

டவுன்டவுனில் நான் கூட்டித் துடைக்கும் பழம்பொருள் கடைக்கு, கோயிலில் பழக்கமான பிலிப்பைன்ஸ்காரி லூர்து செத்துப்போன தகப்பனின் வாளைக் கொண்டுவந்தா. அநாதை மடத்தில் வளர்ந்தவ; தகப்பனுடையதென்று அவவிடம் இருந்தது அந்த வாள் மட்டும்தான். தகப்பன் எந்தத் தீவு என்றே தெரியாது. பிடியின் பித்தளைப் பூணில் கொல்லன் கீறிய கோடுகளை வைத்து ஊரைச் சொல்லலாம், திங்கட்கிழமை பார்ப்போம் என்றார் முதலாளி. அதற்குள் நான், உதவியென்று நினைத்து, குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளி போட்டுக் கம்பிச்சுருளால் தேய்த்துவிட்டேன். பூண் பளபளத்தது. கோடு ஒன்றுமில்லை.

முதலாளி பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, இனி ஒன்றும் சொல்ல முடியாது என்றார். லூர்து ஏசவில்லை. "நல்ல வடிவு, அண்ணை" என்றா, நான் பழக்கிய தமிழில்.

சண்டை நெருங்கி இன்னும் ஓட வேண்டி வந்தால் பிள்ளைகளின் சட்டைக்குள் ஊர்ப்பெயரைத் தைத்துவிடும். உம்முடைய படமும் ஒன்று அனுப்பும்; அந்த முறைப்பைப் பார்த்தாவது ஒழுங்காயிருப்பேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. இடம்பெயர்ந்தபின் நீர் எழுதிய புது முகவரி சட்டைப்பைக்குள் கிடந்து சட்டையோடு தோய்ந்து அழிந்துபோனது. இதைப் பழைய முகவரிக்கே போடுகிறேன்.

உமது
அலோசியஸ்