மாற்றுச் சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போதாவது நம் லாயாங் லாயாங் ஊரை விட்டுப் போய்விட்டதா?

இந்தத் தெப்ராவ் வீட்டில் தனியாக இருப்பதில் ஒரு வசதி, யாரும் எதுவும் கேட்பதில்லை. தொந்தரவும் அதுதான். செவ்வாய்க்கிழமை சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். மாற்றுச் சாவி நீங்கள் சொன்னபடி பத்திரமாக இருந்தது, அலமாரிக்குள்.

பூட்டுத் திறக்க வந்தவர் கேட்டார்: "பக்கத்து வீட்டுல ஒரு சாவி கொடுத்து வைக்கலாம் லா?"

"அங்க யாருன்னு தெரியாதுண்ணே."

"எத்தன மாசமா இருக்கீங்க?"

"எட்டு."

அவர் குனிந்து பூட்டைத் திறக்க ஆரம்பித்தார்.

மாற்றுச் சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உங்களிடம் இருக்கட்டும். மறுபடி மாட்டிக்கொண்டால் நீங்கள்தான் பஸ் ஏறி வந்து திறக்க வேண்டும். மாட்டிக்கொள்ளாவிட்டாலும் வரலாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சாந்தினி