ரோஸ் கோட்டு ஆணியில் தொங்குகிறது

கிரெக்,

"ஒன்பது மாச வயித்தோட என் பெண்டாட்டி பஸ்ஸுல போறதா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று நேற்று விருந்தில் எழுந்து நின்று முழங்கினாய். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெருமையில், கார் எஞ்சினைச் சூடாக வைக்கும் ஒயரைச் சொருகாமலே படுத்துவிட்டாய். வின்னிபெக் குளிரில் பிறந்தவன் மறக்கிற காரியமா அது? மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் கார் கல்லாகக் கிடக்கிறது. உன்னை எழுப்பினால் இன்னொரு சொற்பொழிவு வரும். வேலைக்கு பஸ்ஸிலேயே போகிறேன்.

என் கோட்டு வயிற்றுக்கு மேல் மூடவில்லை, உன்னுடையதை எடுத்துக்கொண்டேன். அடுப்பில் பீட்ரூட் சூப் இருக்கிறது. எழுந்ததும் ஒயரைச் சொருகு. நாலு மணிக்கு என்னைக் கூட்டிப்போக ஆபீசுக்குக் கட்டாயம் வா. அங்கே வாசலெல்லாம் ஐஸ், பிடித்துக்கொள்ள உன் கை வேண்டும்.

ஒக்ஸானா

பி.கு.: நீ வெளியே போக என் ரோஸ் கோட்டு இருக்கிறது. பக்கத்து வீட்டு மார்ஜ் பார்த்துச் சிரித்தால், நேற்றைய பேச்சை அவளுக்கும் ஒருமுறை பேசிக் காட்டு.