எட்டுக் கட்டத்திலும் என் பெயர்

ஜூன் 2, ஞாயிறு

சபையில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. ‘ஊழியம் செய்ய விரும்புகிறவர்கள் பெயர் எழுதவும்.’ நானே படித்தேன். கீழே எட்டுக் கட்டம்: பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, நோயாளிகளைச் சந்தித்தல், வேதபாடம் வாசித்தல், இன்னும் நான்கு. வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவர்களாக இருக்காதீர்கள் என்று மூன்று வாரமாகப் பாஸ்டர் பிரசங்கம் செய்கிறார். தாள் வெறுமையாக இருந்தது. எட்டிலும் என் பெயரை எழுதினேன். அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் வரிசை நின்றது. எழுதத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். வெளியே போக வழி வேண்டுமாம்.

ஜூன் 3

எனக்கு எழுபத்தொரு வயது. நாற்பத்தாறு வருடம் பெயிண்டர். நான் வெள்ளையடித்துக் கொடுத்த சுவரில் வேறொருவர் வந்து எழுதுவார். இப்போது நானும் எழுதுகிறேன். சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி.

“ஏங்க, பாட்டுக்குமா பேர் குடுத்தீங்க?”

“இடம் இருந்துச்சு.”

“கர்த்தருக்குக் காது இருக்கு. அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

ஜூன் 5

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, எட்டுலயும் உங்க பேர் மட்டும்தான் இருக்கு.”

“பிழை ஏதும் இருக்கா பாஸ்டர்?”

“இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.”

டீ குடித்துவிட்டுப் போனார்.

உண்மையில் நான் ஆசைப்படுவது ஒன்றுக்குத்தான். ஆராதனையில் எழுந்து நின்று வேதபாடம் வாசிக்க வேண்டும். இதை மனைவிக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

பாடினேன். ஆராதனை முடிந்ததும் பாட்டு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க ஓய்வெடுங்க” என்றார். தாளில் பாட்டுக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். கோடு நேராக இருந்தது.

ஜூன் 11

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நோயாளிக்காக ஜெபித்தேன். பிறகு, அவர் தலைக்கு மேலே சுவர் ஈரம் காயாமல் பெயிண்ட் அடித்தது, பெயர்ந்து விழும் என்று சொன்னேன். அவர் கட்டிலை மாற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். சாயங்காலமே ஓய்வுபெற்ற நர்ஸம்மா அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிறு பள்ளி. உலகத்தைப் படைத்த கதை. எந்த நிறத்தோடு எதைக் கலந்தால் எது வரும் என்று செய்து காட்டினேன். ஐந்து தாய்மார்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 19

ஏழு கட்டமும் போயிற்று. சபையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்களாம். பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டார்: “வேதபாடத்த மேனேஜர் சாரே வாசிக்கட்டுமே?”

மேனேஜர் சார் பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். பதினெட்டு வருடமாக அவர்தான் வாசிக்கிறார். தாளில் பெயர் எழுதாவிட்டாலும் அந்தக் கட்டம் தனக்குத்தான் என்று இருந்துவிட்டார்.

மாட்டேன்னுட்டேன். பாட்ட எடுத்தீங்க, சரி. ஆஸ்பத்திரிய எடுத்தீங்க, சரி. இதுக்குத்தானே இந்த வயசுல கண்ணு வலிக்க வலிக்கக் கத்துக்கிட்டேன்? இதையும் குடுத்துட்டு நான் என்ன, பழையபடி சும்மா வந்து உக்காரணுமா?

ஒரே ஒரு வாரம் என்று பாஸ்டர் ஒத்துக்கொண்டார்.

ஜூன் 21

ஆறு வசனம். மனைவி கடிகாரம் பார்த்தாள். பதினேழு நிமிடம்.

ஜூன் 22

பதினான்கு.

ஜூன் 23, ஞாயிறு

வாசித்தேன். பன்னிரண்டு நிமிடம். நான்காம் வசனத்தில் ஒரு சொல் வரவில்லை. முன்வரிசையிலிருந்து மேனேஜர் சார் எடுத்துக் கொடுக்க வாயெடுத்தார். “இருங்க சார், வருது” என்றேன். சபையே காத்திருந்தது. வந்தது.

பிரசங்கம் சுருங்கிவிட்டது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் மனைவி மூக்கைச் சிந்திவிட்டு, “அஞ்சாவது வசனத்துல ஒரு துணைக்கால விட்டுட்டீங்க” என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

வேதபாடக் கட்டத்தில் இன்னும் என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கைநாட்டு.

“எவனோ வெளையாடியிருக்கான்” என்றார் மேனேஜர் சார்.

எல்லாரும் போன பிறகும் கடைசி வரிசையில் கொத்தனார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெருவிரலில் பேனா மை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எத்தன நாளாகும்ணே?”

“எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு.”

“எனக்கு அறுபத்தெட்டு முடிஞ்சிருச்சு.”

“அப்ப சின்ன வயசுதான். சீக்கிரம் வந்துரும்.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.