மாமாவை எந்த அடுப்பில் எழுதுவது?

ஜூலை 13, திங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயிற்சி. காலையிலிருந்து ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, போனில் எதை அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் பேசும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்துகிற தேவகி டீச்சராகிய நான், இன்று கடைசி வரிசையில் டேனியல் சாரோடு பேசி, பயிற்சி கொடுப்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மனதில் நின்றது ஒரே விஷயம். ஒரு கூரைக்குக் கீழே இருப்பதால் ஒரு குடும்பம் ஆகிவிடாது. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். ரத்த பந்தம், ரேஷன் கார்டு எதற்கும் இங்கே மதிப்பில்லை. "சந்தேகம் வந்தா அடுப்பைக் கேளுங்க" என்றார் அவர்.

டேனியல் சார் என் பக்கம் சாய்ந்து, "அப்போ உங்க வீடு ரெண்டு குடும்பமா டீச்சர்?" என்றார். எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வரப்போவது அவர்தான். எனக்கு விழுந்தது தென்னேரிப் பக்கம்.

"சாப்பாடு போட்டுட்டாங்க சார், வாங்க" என்று எழுந்துவிட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

அமாவாசை. மாமா மாடிக்குப் போனார்.

எங்கள் வீட்டில் மாமனாருக்குச் சாப்பாடு நிலாவைப் பார்த்து. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை மாடியில் என் கொழுந்தன் பிரேம்நாத் வீட்டில். பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை கீழே எங்களிடம். தலையணை, சில்வர் தட்டு, போன் சார்ஜர், இவ்வளவுதான் அவருடைய சாமான். காஞ்சிபுரம் – திருப்பதி தடத்தில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். "ஏறு, இறங்கு, இது எனக்குப் பழகின வேலைதாம்மா" என்று சிரித்துக்கொண்டே படியேறினார்.

அடுப்பு ஏன் பிரிந்தது? ஆளுக்கொரு கதை உண்டு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கருட சேவை அன்று, தாமலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கூடம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்க, ஓரகத்தி சந்தியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பட்டுப்புடவை லைவ் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவளுடைய வைஃபை நின்றுபோனது. நான்தான் பிடுங்கினேன் என்று அவள் சொல்கிறாள். மிக்ஸிக்காக அந்த பிளக்கைப் பிடுங்கினேன் என்று நான் சொல்கிறேன். மறுவாரம் மாடிக்குத் தனி சிலிண்டர் ஏறியது.

ஜூலை 19, ஞாயிறு

மகள் ஜீவிதா கல்லூரிக்கு ஏதோ கட்டுரை எழுதுகிறாள். ஆசியாக் கண்டத்தின் மக்கள்தொகை. படித்துப் படித்து எங்கள் எல்லோரையும் பயமுறுத்துகிறாள்.

"கொரியால பிள்ளைங்க இல்லாத நர்சரிய முதியோர் இல்லமா மாத்தறாங்களாம்மா. ஜப்பான்ல ஊரே வயசானவங்க. நம்ம நாட்டுலயே பீகார் வேற கணக்கு, தமிழ்நாடு வேற கணக்கு. இங்க ஒரு ஜோடிக்கு ரெண்டு பிள்ள கூட இல்லியாம்."

"எங்க வீட்ட பாத்து எழுதினியா?" என்றார் மாமா. அவர் தாமலில் ஏழு பிள்ளைகளில் ஒருவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கு ஜீவிதா ஒருத்தி, சந்தியாவுக்குத் திரிஷா ஒருத்தி. ஜீவிதாவைக் கேட்டால், "பாக்கலாம்" என்கிறாள். ஆசியாக் கண்டம் முழுக்க எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிறது!

அப்புறம் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, என்னை எந்த வீட்டுல எழுதுவாங்க? போன தபா உங்க அத்தை இருந்தா. நான்தான் தலைவர்னு எழுதிக்கினு போனாங்க. இப்போ மேலயும் விட்டு, கீழயும் விட்டுட்டா, நான் இந்த நாட்டுலயே இல்லாதவன் ஆயிடுவேனே?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதெப்படி விட்டுப்போகும்? ஆனால் சந்தியாவை நம்ப முடியாது. அவளுக்குப் புடவை எண்ணத்தான் தெரியும்.

ஜூலை 22, புதன்

இணையத்தில் நாமே பதிந்துகொள்ளலாம் என்றார்கள். பதிந்துவிட்டேன். கீழ் வீடு: நான், இவர், ஜீவிதா, மாமா. நாலு பேர். அவர் இப்போது மாடியில் சாப்பிடுகிறார்தான். அதற்காக? பௌர்ணமி வந்தால் இங்கேதானே!

ஜூலை 29, புதன்

பௌர்ணமி. தலையணை இறங்கி வந்தது. மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய் முருங்கைக்காய்க் குழம்பு. சந்தியா வீட்டுத் தோசையால் ஒரு சுற்று பெருத்திருக்கிறார். நான் வெளியே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள்

தென்னேரிப் பக்கம் அலைந்து கால் வீங்கிவிட்டது. ஆனாலும் இன்றுபோல் ஒரு நாளை விலை கொடுத்தாலும் வாங்க முடியாது.

முதல் வீட்டு அம்மா எத்தனை பேர் என்று சொல்ல மாட்டேன் என்றார். பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடுமாம். "நீயே பாத்து எழுதிக்கம்மா" என்று எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, தான் திரும்பி நின்றுகொண்டார். எண்ணியது நான், பாவமும் என்னோடு போகட்டும்.

அடுத்தது பெரிய மாடி வீடு. உள்ளே கணவன், மனைவி இருவர் மட்டும். பெரியவன் சிங்கப்பூர், சின்னவன் கனடா. தாத்தா போனைத் தூக்கிக் காட்டினார். அதில் பேரன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். "தெனமும் எங்க கூடத்தான் சாப்பிடறான், இவனையும் எழுதிக்கோ" என்றார். முடியாதுங்க ஐயா என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பின்னால் வரிசை அறைகள். கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள். ஒடிசா, பீகார், அஸ்ஸாம், ஒருத்தன் நேபாளம். எட்டு பேர், ஒரு பெரிய குக்கர். தீனபந்து என்கிற ஒடிசாப் பையனுக்குத் தமிழ் நன்றாக வந்தது.

"ஒரே அடுப்புதான் அக்கா. இன்னிக்கி நான் சமையல். நாளைக்கி அவன்."

"குடும்பத் தலைவர் யாருப்பா?"

அவர்களுக்குள் இந்தியில் ஏதோ பேசி, விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னிக்கி நான் அக்கா. யாரு சமைக்கிறானோ அவன்தான் தலைவர். அவன் திட்டுனா எல்லாரும் கேக்கணும்."

தினம் ஒரு தலைவர் என்று எழுத அந்தச் செயலியில் இடமில்லை. மூத்தவன் பெயரைப் போட்டேன். தட்டில் கொஞ்சம் பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல காரம்.

வண்டியில் திரும்பும்போது நெஞ்சில் ஒன்று உறுத்தியது. நாலு மூலையிலிருந்து வந்த எட்டுப் பிள்ளைகள் ஒரு குடும்பம். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். கணக்கு சரிதான். சரியாக இருக்கிறதே என்பதுதான் கோபம்.

ஆகஸ்ட் 5, புதன்

டேனியல் சார் வந்தார். ஐயோ, என்ன சொல்ல!

கூடத்தில் உட்கார்ந்து, காபி குடித்து, நான் பதிந்ததைப் பார்த்தார். "கீழ நாலு பேர்." மாடிக்குப் போய் வந்தார். படியிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், உங்க மாமனார் ஒருத்தர்தானே?"

"ஏன் சார்?"

"மேலயும் நாலு பேர்னு இருக்குது. அவங்களும் இவர எழுதி வெச்சிருக்காங்க. இந்த வீட்டுல ஒரு ஆள் கூடுதலா இருக்காரு."

ஊர் முழுக்க, "ஒருவரை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது" என்று பாடம் நடத்திவிட்டு வந்தவள் நான். அதே நேரம் சந்தியா பின்னாலேயே இறங்கி வந்தாள். இத்தனை நாளில் அவளாக என் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை.

"நான் எழுதினது சரிதான் சார். எழுதறப்போ மாமா மேலதான் சாப்ட்டுக்கினு இருந்தாரு. அக்கா விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"நானா விடுவேன்? நீ விட்டுருவேன்னுதான் நான் எழுதினேன்!"

"மாமாவுக்குச் சக்கரை மாத்திரை யாரு வாங்கறது? நான்தான்."

"கண்ணுல ஆபரேஷன் பண்ணப்போ யாரு கூட இருந்தது?"

இவர் ஒரு மூலையில், பிரேம்நாத் ஒரு மூலையில். அண்ணனும் தம்பியும் பேசாமல் நிற்பதில் மட்டும் ஒரே குடும்பம். டேனியல் சார், "யாராவது ஒருத்தர் விட்டுக் குடுங்க" என்றார். யாரும் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. விட்டுப் போய்விடுவோமோ என்று பயந்த மனுஷன், இரண்டு இடத்தில் இருந்திருக்கிறார்!

"ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சா செக்கிங்ல கண்டக்டர்தாம்பா மாட்டுவான்" என்றார் டேனியல் சாரிடம். "ரெண்டும் வேணாம். என்னைத் தனியா எழுது. துரைக்கண்ணு, தனி அடுப்பு, தலைவர் நானே."

"அடுப்பு எங்கங்க இருக்குது?"

"வாங்கிட்டாப் போச்சு. நீ அடுத்த வாரம் வா."

டேனியல் சார் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பினார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். மாலையில் வந்தால், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன கேஸ் அடுப்பும் ஒரு அண்டாவும்! பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா மாமா?"

"திருப்பதி நைட் ஹால்ட்ல டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் யாரு பொங்கினது? தேவஸ்தானமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றுதானே ஊர் பேசும்? இவரிடம் சொன்னேன். "அப்பா சந்தோஷமாத்தான் கீறாரு, விடு" என்றார். சந்தியா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மாமாவுக்கு ஒரு ஆளுக்கு மட்டும் பொங்கத் தெரியவில்லை. ஒரு டிப்போவுக்கே போதும் சாம்பார் சாதம்.

ஆகஸ்ட் 8, சனி

முதலில் விழுந்தது திரிஷா. அரை நாள் பள்ளி விட்டு வந்தவள் படிக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாள். அடுத்தது ஜீவிதா. அடுத்தது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நான். மதியம் பிரேம்நாத் வண்டியை நிறுத்திவிட்டு நேராக அண்டாவிடம் போனார். இவரோ காலையிலேயே தட்டோடு நின்றிருக்கிறார், எனக்குத்தான் தெரியாது.

என் வீட்டில் நான் வைத்த ரசம் அப்படியே இருக்கிறது. மாடியிலும் அப்படித்தானாம், திரிஷா சொன்னாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஆடி ஞாயிறு. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ். வாங்கி வந்தபோது சந்தியா படிக்குக் கீழே நின்று, மாமாவின் குழம்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒதுங்க இடமில்லை. படிக்குக் கீழே இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும்.

"உப்பு கம்மி, இல்லக்கா?"

"ம். புளி கூட."

"மாமா கிட்ட யாரு சொல்றது?"

"நீ சொல்லு. உனக்குத்தான் லைவ்ல பேசி வழக்கம்."

சிரித்துவிட்டாள். நானும். சிரிப்பு நிற்கவே இல்லை. மாமா கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "சமையக்கட்டுல என்ன கூட்டம்? இறங்கு, இறங்கு!" என்று விரட்டினார். கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: "அது மிக்ஸிக்காத்தான் பிடுங்கினீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா."

தேங்காயைத் துருவி அவளிடம் நீட்டினேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

டேனியல் சார் மறுபடி வந்தார். மாமா நேற்றே முகச்சவரம் செய்து தயாராக இருந்தார். "எழுதிக்க சார். தனி அடுப்பு. ஆள் ஒருத்தன்."

டேனியல் சார் அண்டாவைப் பார்த்தார். எங்கள் சமையலறையில் நுழைந்து அடுப்பைப் பார்த்தார். அதன்மேல் ஜீவிதா புத்தகம் வைத்திருந்தாள். மாடிக்குப் போனார், அங்கே அடுப்பின்மேல் புடவைக் கட்டு. படியிறங்கி வந்து, தட்டோடு உட்கார்ந்திருந்த எங்களை விரலால் எண்ணினார்.

"இவங்க எல்லாம் எங்க சாப்பிடறாங்க?"

"மூணு நாளா இங்கதான்" என்றாள் திரிஷா.

"நாளைக்கு மறுபடி சண்ட போட்டுக்கினா?"

"சண்ட போட்டா என்ன சார்? சாப்பாடு இங்கதானே" என்றாள் சந்தியா.

டேனியல் சார் போனில் எதையோ அழித்தார், எதையோ எழுதினார். சத்தமாகப் படித்துக் காட்டினார். "ஒரு குடும்பம். ஏழு பேர். தம்பதி ரெண்டு ஜோடி. தலைவர், துரைக்கண்ணு."

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "வெங்காயம்" என்றார். இன்றைக்கு வெண்பொங்கல், அதில் ஏது வெங்காயம்? டேனியல் சாரும் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

ஆடி அமாவாசை. அத்தைக்குப் படையல். நானும் சந்தியாவும் சேர்ந்து சமைத்தோம். இன்று தலைவருக்கு ஓய்வு. இரண்டு தடவை சண்டை போட்டோம், வடைக்கு இஞ்சி போடுவதா வேண்டாமா என்று. போட்டாள்.

படுக்கப் போகும்போது பழக்கத்தில் மாமாவின் தலையணையையும் சார்ஜரையும் எடுத்து, மாடிக்குக் கொண்டுபோக வைத்தேன்.

"எதுக்குமா?" என்றார்.

"அமாவாசை மாமா."

"ஆமாம்ல," என்றார். தலையணையை வாங்கி, தட்டித் தட்டி, இருந்த இடத்திலேயே போட்டுக்கொண்டு படுத்தார்.