சொந்த விருப்பக் கடிதம்

15 ஜூலை 2024, திங்கள்
பத்தாம் வகுப்பு 'டி' பிரிவை இந்த வருடமும் என் தலையில் கட்டிவிட்டார் தலைமை ஆசிரியர் ராமநாதன். தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட பதினேழு பேர். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தலைமை ஆசிரியர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. ஏழு வருடமாயிற்று. மறக்கவில்லை.

18 ஜூலை
வீட்டிலிருந்து ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவரச் சொன்னேன். கேஸ் சிலிண்டர் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, சொசைட்டி நோட்டீஸ்.

பழைய வழிதான். தொண்ணூற்றாறில் நானும் ராமநாதனும் இங்கே, புனே பக்கத்துத் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில், ராணுவ டிப்போ ஆட்களுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். கைநாட்டு வைக்கிறவர்கள் வீட்டுக் காகிதங்களைச் சட்டைப்பையில் மடித்து எடுத்துவருவார்கள். எந்தக் காகிதத்துக்கும் நான்கு கேள்வி: யார் கேட்கிறார்கள்? என்ன கேட்கிறார்கள்? எப்போதைக்குள்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

நாலாவது கேள்வி ராமநாதனுடையது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வகுப்பு முடிந்தால் ஸ்டேஷன் எதிரே ஒரு தட்டு மிசல், அந்தக் காரப் பயறுக் குழம்புக்கு இரண்டு ஸ்பூன். மழைக்கு ஒரே குடை. பாதி முதுகு நனைந்தபடி பேசிக்கொண்டே நடப்போம். அந்த ராமநாதன் எங்கே போனான்?

26 ஜூலை
நல்ல மழை. ஐந்து பேர்தான் வந்தார்கள்.

1 ஆகஸ்ட்
டிப்போ கேன்டீனில் வேலை செய்யும் அந்தோணியின் மகள் ஜான்சி. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவாள். இன்று ஆங்கிலத்தில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை முழுதாகப் படித்தாள்: வெறும் வயிற்றில் வரவும்.

"ஐயோ சார், எங்கப்பா போன வாட்டி நாலு இட்லி சாப்ட்டுப் போயி, திருப்பி அனுப்பிட்டாங்க."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

12 ஆகஸ்ட்
ராமநாதன் கூப்பிட்டனுப்பினார். "ஸ்கூல் கமிட்டிக்கு ரிசல்ட் நூறு பர்சென்ட் வேணுமாம். ஆறு பேர்கிட்ட லெட்டர் வாங்கிடுங்க." பட்டியலில் ஜான்சியும் உண்டு.

அந்த லெட்டர். 'எங்கள் பிள்ளையைச் சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறோம். தனியாகத் தேர்வு எழுதுவாள்.' ஆங்கிலத்தில் ஒரு பக்கம். 2011-ல் கமிட்டி கேட்டபோது நான் எழுதிக்கொடுத்தது. நல்ல ஆங்கிலம் என்று பாராட்டினார்கள். "இது வேணாம்டா" என்றவன் ராமநாதன். இன்று அவனே நீட்டுகிறான்.

அந்த வருடம் முதலில் கையெழுத்துப் போட்டது என் மாணவன் வசந்தகுமாரின் அம்மா. அவன் இப்போது ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறான். அதற்காகவே சுற்றிப் போகிறேன்.

14 ஆகஸ்ட்
அந்தோணி வந்தார், பேனாவைத் திறந்துகொண்டே. "எங்க சார் போடணும்?"

நான் விரலை வைக்குமுன் ஜான்சி, "இருப்பா" என்று காகிதத்தை இழுத்துக்கொண்டாள். இருபது நிமிடம். தெரியாத வார்த்தைகளை என்னிடமே கேட்டாள். சொன்னேன் — சொல்லாமல் என்ன செய்ய?

"யாரு கேக்கறாங்க, என்ன கேக்கறாங்க, எல்லாம் தெரிஞ்சிடுச்சு சார். கையெழுத்து போடலன்னா என்ன ஆகும்?"

பதின்மூன்று வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் ஆகாது. நீ இங்கேயே படிச்சுப் பரீட்சை எழுதலாம்" என்றேன்.

"அப்ப நாங்களா விரும்பலயே. பொய்யா எழுதியிருக்கு. யார் சார் எழுதினது?"

காகிதத்தை வாங்கி மடித்தேன். அந்தோணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

என்ன வாழ்க்கைடா இது. எதை எழுதினேன், எதைச் சொல்லிக்கொடுத்தேன்?

16 ஆகஸ்ட்
மற்ற ஐந்து வீடுகளிலும் கேட்கவில்லை. ஆறு வெற்றுக் கடிதங்களையும் ராமநாதன் மேஜையில் வைத்தேன்.

"அந்தப் பொண்ணு நாலாவது கேள்வியக் கேட்டுடுச்சு."

கடிதங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "அது என் கேள்விடா."

ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு 'டா'.

"கமிட்டிக்கு என்ன சொல்றது?"

"வீட்டுல கையெழுத்துப் போடலன்னு சொல்லு. லெட்டர எழுதினவனே வேணாங்கறான்னும் சொல்லு."

கடிதங்களை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாப்பிடப் போகலாமா என்று கேட்கவில்லை. எதிர்பார்த்தேனோ? நாற்காலி எனக்கு வரவேண்டியதுதான், அதில் மாற்றமில்லை.

7 நவம்பர், வியாழன்
தேர்வுப் படிவங்கள் இன்று போயின. 'டி' பிரிவில் பதினேழு. ஜான்சி தேறுவாளா, தெரியாது. தன் படிவத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்தாள். வகுப்பு ஆசிரியர் கையெழுத்து இடத்தில் பேனாவை வைத்தேன்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

படித்தேன். மேலிருந்து கீழ்வரை, விரலை வைத்து.