எந்தக் குடத்துத் தண்ணீர்?

சுக்கு வாங்கப் போன நாட்டு மருந்துக் கடையில், கல்லாவை ஒட்டி ஒரு தகர டப்பாவில் தேத்தாங்கொட்டை கிடந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்ததுமே உன் முகம்தான் வந்தது. வெளியே விடாத மழை. "இதை இப்போ யாரும்மா வாங்குறாங்க, வீட்டுக்கு வீடு கேன் தண்ணி வந்துட்டுது" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் பொட்டலம் கட்டினார். கலங்கிய தண்ணீர் தெளிவதற்காகக் குடத்தின் உட்புறம் தேய்க்கிற கொட்டை. இதனால் ஓர் ஊரையே வெள்ளம் அடித்துக்கொண்டு போக இருந்தது என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். உனக்கும் எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. நீ ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க இன்ஜினியர். நான் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. செயற்கை அறிவு என்றால் அன்றைக்கு எங்களுக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம்தான். ஒரு துறையில் கைதேர்ந்தவருக்குத் தெரிந்ததை எல்லாம் 'இப்படி இருந்தால் இப்படி' என்று விதிவிதியாகப் பிரித்து உள்ளே போட வேண்டும். அந்த விதிகளைக் கோத்துப் பார்த்து முடிவு சொல்ல ஒரு நிரல், அதாவது புரோகிராம். ஏரிக்கரைக்கு அப்படி ஒன்று செய்யலாம் என்று என் துறைத்தலைவரிடம் வாய் விட்டுவிட்டு, கைதேர்ந்தவருக்கு எங்கே போவது என்று உன்னைத்தான் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாய். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் பேசுவோம். கரை பலவீனமாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டால், "பார்த்தா தெரியும்டி" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். பார்த்தால் தெரியும் என்பதை எந்த விதியில் எழுதுவது? தோண்டித் துருவிக் கேட்பேன். கடைசியில் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டுச் சொன்னாய்: கரையின் அடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் கண் வைத்திருந்தால் போதும், கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், கரை எந்த நேரமும் போகலாம். அப்பாடா, ஒரு விதி கிடைத்தது.

அந்த ஐப்பசியில் மேற்கே இருந்த பெரிய ஏரி விளிம்பு தட்டி நின்றது. நீ காலையிலிருந்து வேறொரு ஏரியில் சேற்றில் நின்றுவிட்டு அப்போதுதான் ஆபீசுக்குத் திரும்பியிருந்தாய். நிரலை உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்ற நான் வந்திருந்தேன். அந்தப் பெரிய ஏரியின் கரைக் காவல்காரர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். கரையடியில் கசிகிறது என்றார். கேட்காமலே ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது.

நிரல் ஒவ்வொன்றாகக் கேட்டது, நான் தட்டினேன். கசிவு உண்டா? உண்டு. கரையடியிலா? ஆம். கலங்கலாக இருக்கிறதா? இல்லை. 'அபாயம் இல்லை, கண்காணிக்கவும்' என்று திரையில் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உனக்கு வரவில்லை. முடிவுக்கு எப்படி வந்தாய் என்று அதைக் கேட்கும் வசதி ஒன்று வைத்திருந்தோமே, அதைத் தட்டச் சொன்னாய். உன் விதிகளே வரிசையாக வந்து நின்றன. ஒன்றிலும் பிழையில்லை. எல்லாமே அந்த ஒரே 'இல்லை'யைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

கசிகிற தண்ணீரைப் பாட்டிலில் நேராகப் பிடிக்க முடியாதே! நீ திரும்பிக் காவல்காரரைக் கேட்டாய், "எந்தக் குடத்துலண்ணா மொண்டீங்க?"

அவருக்குப் பெருமை. "நாங்க குடிக்கிற குடத்துலதாம்மா. காலைலதான் தேத்தாங்கொட்டை தேச்சு வச்சுது. உங்ககிட்ட கொண்டாரதாச்சே, தெளிய வச்சு மேலாக்க ஊத்திக்கினு வந்தேன்."

பெரிய இடத்துக்குக் கலங்கல் தண்ணீரை எப்படிக் கொண்டு போவது என்ற மரியாதை அந்த மனிதருக்கு. தேத்தாங்கொட்டை தேய்க்காத ஊராக இருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. உன் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

ஜீப்பில் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். "பயந்தாங்கொள்ளி, கம்பியைப் பிடிச்சுக்க" என்றாய். உன் குரலும் சரியாக இல்லை. கரையடியில் டீ நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நீ மதகைத் திறக்கச் சொன்னதும் ஊர்க்காரர்கள் மறித்தார்கள். நிரம்பாமலே கிடந்த ஏரி இந்த வருஷம்தான் நிரம்பியிருக்கிறது, விடமாட்டோம் என்றார்கள். நீ சத்தம் போடவில்லை. "மதகைத் திறந்தா தண்ணி மட்டும்தான் போவும். கரை போச்சுன்னா ஊரும் சேர்ந்து போவும்" என்றாய். பிறகு அவர்களே மதகைத் திறந்துவிட்டு, மணல் மூட்டை சுமந்து ஊற்றைச் சுற்றி அடுக்கினார்கள். பள்ளத்தெருச் சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம். இருட்டுவதற்குள் ஊற்று அடங்கித் தெளிவாகக் கசிய ஆரம்பித்தது. அப்படியும் நீ அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிரலில் ஒரு கேள்வியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய்: 'கசிவை நீங்களே நேரில் பார்த்தீர்களா? இல்லையென்றால் எதில் மொண்டது?' செயல்முறை விளக்கத்தன்று அந்தக் கேள்வி திரையில் வந்ததும் பேராசிரியர்கள் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. "சிரிக்கட்டும்டி, நம்ம சொல்றதைத்தானே அது நம்புது. பாவம், அதுக்குக் கண்ணா இருக்குது?" என்றாய்.

அதற்குப் பிறகு நமக்குள் அது ஒரு பேச்சாகிவிட்டது. மாமியாரோடு மனஸ்தாபம் இல்லை என்று நான் சொன்னால், "எந்தக் குடத்துத் தண்ணி?" என்பாய். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவேன்.

உனக்கு மாற்றலாகி மதுரைப் பக்கம் போன பிறகு போன்தான். ஒருநாள் நீயாகக் கூப்பிட்டு, சும்மா ஏதோ டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றாய். குரல் அத்தனை தெளிவு. அந்தத் தெளிவை என்னால் நம்ப முடியவில்லை. "எந்தக் குடத்துத் தண்ணிடி?" என்றேன். "தேச்ச குடம்தான். நீ வா" என்றாய். அன்றைக்கே பஸ் ஏறினேன். கடைசிவரை உன் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைத்தது.

இப்போது ஏரிகள் மறுபடி விளிம்பில் நிற்கின்றன. கடையிலிருந்து வந்து ஈரப் புடவையை மாற்றுவதற்குள் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். அவன் போனில் ஒரு செயற்கை அறிவு இருக்கிறது. எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்கிறதாம். காஞ்சிபுரத்துக்கு ஆபத்தில்லை என்று அது சொல்லிவிட்டதாம். நீ எப்படிம்மா இருக்கே என்றான். நன்றாக இருக்கிறேன் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டான். அவன் மேல் என்ன குற்றம்? சொன்னதை நம்பினான்.

பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுப் படபடப்பு தொடங்கி வெகுநாளாகிறது, யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவள் நீ ஒருத்திதான் இருந்தாய். மழை ஓயவில்லை. போனை எடுத்து அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"நான் நல்லா இல்லப்பா" என்றேன். "பயமா இருக்குது. நீயே நேர்ல வந்து பாரு."