உங்கள் வலப்பக்கம்

மீன் பொரியலில் பிழிய எலுமிச்சையை நறுக்கினேன். வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. உங்களை நினைக்காமல் இந்த வீட்டில் ஓர் எலுமிச்சைகூட நறுக்க முடிவதில்லை, என்ன செய்வது.

தொண்ணூறுகளில், மலாக்காவின் லூபோக் சீனா ஊர்ப் பக்கம் நாம் பிறந்த எஸ்டேட்டில் திருவிழா. செங் ஊர்த் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்து பால்குடம் எடுத்தீர்கள். குடத்தை இறக்கியதும், உறுமி முழங்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடினீர்கள். "மாமாவுக்குச் சாமி வந்துருச்சிலா" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. உச்சந்தலையில் எலுமிச்சையைத் தேய்த்தார்கள். பழைய பக்கத்து வீட்டு அக்கா கைகூப்பி, "என் மவளுக்கு எப்ப கல்யாணம், சாமி?" என்று கேட்டார்.

நீங்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தலை சுத்துது, காது இரையுது. உக்கார வையி" என்றீர்கள். உட்கார வைப்பதற்குள் என் புடவையெல்லாம் வாந்தி. அக்கா மட்டும் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

மலாக்கா டவுனில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "உள்காதுல தண்ணி இருக்கு. அது போக வர, செல்லுல புரதத்தால ஆன குட்டிக் குட்டி வாசல் இருக்கு. அதைப் பத்தி இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. இவருக்குத் தண்ணி அளவு கூடிப்போச்சி, அதான் சுத்துது. உப்பைக் குறைங்க, ருசிக்கு எலுமிச்சை புழிஞ்சுக்குங்க. ஆனா இடது காது இனிமே கேக்கிறது கஷ்டம்தான்."

"எலுமிச்சைய ஏற்கனவே தலையில தேச்சிட்டாங்க டாக்டர்" என்று சிரிக்க வைத்தீர்கள்.

அலோர் காஜா வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு இல்லை. "இன்னொரு காதும் போயிட்டா உன் குரலு கேக்காதேடி" என்றீர்கள். உங்களுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, எந்திரி. இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்று ஜன்னலோரம் நகர்ந்து உங்கள் வலப்பக்கத்தில் எனக்கு இடம் விட்டீர்கள்.

அன்றிலிருந்து பஸ்ஸிலும் பாயிலும் பாசாரிலும் உங்கள் வலப்பக்கம்தான் நான். அந்தக் காது கடைசிவரை உங்களைக் கைவிடவில்லை. கடைசியாக நான் பேசியதும் அதனிடம்தான், லேசாகத் தலையாட்டினீர்கள்.

நேற்று பாசாரில் மகள் என் இடப்பக்கம் வந்து கைகோர்த்தாள். "அது அப்பா நடக்கிற பக்கம்மா" என்றேன். சுற்றி வந்து என் வலக்கையைப் பிடித்துக்கொண்டாள்.